பின்சீட்டில் பூஜ்யம்

இது நடந்தது. எனக்கு நடந்தது. கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் அன்றைக்கு விளக்கை அணைக்காமல் படுத்தார்கள். என் மனைவியும் முதலில் நம்பவில்லை. ஆனால் அவள் நம்பாதது பேயை அல்ல, என்னை.

நடுச்சாமம், நாய் ஊளை, தூரத்தில் சலங்கைச் சத்தம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு நடந்தது சாயங்காலம். மழை பெய்துகொண்டிருந்தது, ஆனால் வெளிச்சம் இருந்தது. நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அடுத்தவர் பார்வையைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் கண்ணில் ஏதோ கோளாறு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

எல்லாம் என் சகலையால் வந்தது. மனைவியின் தங்கை கணவர், பல் டாக்டர். தங்கமான மனிதர், எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. நான் மலைப்பாதையும் மண்பாதையும் ஓடக்கூடிய பெரிய டூரிங் பைக் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கினேன். அடுத்த வருஷமே அவர் அதே வண்டியில் புது மாடலை வாங்கினார். நிறம்கூட அதேதான். ஒரே ஒரு வித்தியாசம். அவருடையதில் எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன்.

அது என்ன என்று கேட்பவர்களுக்கு: சாதாரண வண்டியில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை நாமே ஸ்பேனர் போட்டுத் திருக வேண்டும். இதில் வண்டியே பார்த்துக்கொள்ளும். மேலே எவ்வளவு பாரம் இருக்கிறது என்று சென்சார் அளக்கும், சீட்டுக்கு அடியில் இருக்கும் சின்ன மோட்டார் "ங்ங்ங்…" என்று முனகி ஸ்பிரிங்கை இறுக்கும் அல்லது தளர்த்தும். ஓட்டுபவர் மட்டும் இருந்தால் டிஸ்ப்ளேயில் ஒரு ஹெல்மெட் படம் தெரியும். பின்னால் ஆள் இருந்தால் இரண்டு ஹெல்மெட். யாருமே இல்லாவிட்டால் வெறும் கோடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களும் தனியாக வந்த சகலையும் போன இடத்தில் என் டயர் பஞ்சர். மழை வேறு வரும்போல இருந்தது. "அண்ணி என்கூட வந்துடட்டும் அண்ணா, நீங்க நிதானமா வாங்க" என்றார் சகலை. என்ன மரியாதை பாருங்கள். நான் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது என் மனைவி குளித்து, டீ குடித்து, முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

"அவர் வண்டியில ஒரு பள்ளம்கூடத் தெரியலைங்க. மெத்தையில உக்காந்துட்டு வந்த மாதிரி இருந்துச்சு."

"நம்ம வண்டியில?"

"நம்ம வண்டியில… இடுப்பு இருக்கான்னு இறங்கித் தொட்டுப் பாத்துக்கணும்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

மறுநாளே மெக்கானிக்கிடம் போய் நின்றேன். ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்து வியாதி சொல்லும் மனிதர். என் மாடலிலும் அந்த சஸ்பென்ஷனைப் பொருத்த முடியும் என்றார். புதிதாக வாங்கினால் கட்டுப்படியாகாது, பழைய வண்டிகளை உடைத்து உதிரிபாகம் விற்கும் கடையில் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். பத்து நாளில் ஃபோன் வந்தது.

"கிடைச்சிருச்சு சார். முழு செட்டு. அடிபட்ட வண்டியில கழட்டினது. ஆனா இதுல ஒரு கீறல்கூட இல்ல."

"எப்படி அடிபட்டுச்சாம்?"

"அதை நான் கேக்கல."

நானும் கேட்கவில்லை. சகலையின் முகம் எப்படி மாறும் என்பதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாட்டி முடித்த அன்று பட்டறையிலிருந்து வீட்டுக்கு நான் தனியாக வந்தேன். சொர்க்கம். வழியில் இருந்த குழிகளையெல்லாம் தேடித் தேடி ஏற்றினேன், வயிற்றில் ஒரு குலுங்கல் இல்லை. சிக்னலில் நின்றபோதுதான் டிஸ்ப்ளேயைக் கவனித்தேன். இரண்டு ஹெல்மெட்.

புது இணைப்பு, ஏதோ தப்பாகக் காட்டுகிறது என்று விட்டுவிட்டேன். வீட்டு வாசலில் ஸ்டாண்ட் போட்டு இறங்கினேன். "ங்ங்ங்…" என்று மோட்டார் தளர்ந்தது. சரி. நான் இறங்கிவிட்டேன், தளர்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டினேன். வாசல் கேட்டைத் திறந்தேன்.

"ங்ங்ங்…"

இரண்டாவது முறை. பின்னால் இருந்தவரும் இப்போதுதான் இறங்கியதுபோல.

நான் அன்று பயப்படவில்லை, உண்மையைச் சொல்கிறேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, ஒரு ஹெல்மெட், இரண்டு ஹெல்மெட் என்று எல்லாவற்றையும் விளக்கிக் காட்டினேன். கடைசியாகப் போன பயணத்தையும் வண்டி ஞாபகம் வைத்திருக்கும் என்று பட்டனை அழுத்தினேன். என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

திரையில் வந்தது: பட்டறையிலிருந்து வீடு வரை. இரண்டு ஹெல்மெட்.

"கூட யாரு வந்தா?" என்றாள்.

"யாரும் வரலையே. செட்டிங் சரியில்ல."

"ஓ" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த "ஓ"வை நான் கேட்டதே இல்லை.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் நான் முகம் கழுவும் நேரத்தில் அவள் வாசலுக்குப் போய் சாவியைத் திருகிப் பார்ப்பாள். கடைக்குப் போனது, இரண்டு ஹெல்மெட். கடையிலிருந்து வந்தது, இரண்டு ஹெல்மெட். காய்கறி வாங்கப் போனதுகூட இரண்டு ஹெல்மெட். சாப்பாட்டுத் தட்டு மேஜையில் விழும் சத்தம் நாளுக்கு நாள் கூடியது.

"செட்டிங் இன்னும் சரியாகலையா?"

"சத்தியமா நான் தனியாதாம்மா போறேன்."

"பின்னாடி கால் வைக்கிற கம்பி ரெண்டும் விரிஞ்சு கிடக்கே. அதுவும் செட்டிங்கா?"

வெளியே போய்ப் பார்த்தேன். விரிந்திருந்தது. காலையில் நான் என் கையால் மடக்கிய கம்பிகள் அவை. தானாக விரியாது, ஸ்பிரிங் இறுக்கம், குனிந்து இழுக்க வேண்டும்.

மடக்கினேன். மறுநாள் கடைக்குப் போய் இறங்கியபோது பார்த்தேன்.

விரிந்திருந்தது.

அப்போதுதான் கழுத்துக்குப் பின்னால் முதல்முறையாகச் சில்லென்றது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் வீட்டில் இருந்தது. அவள் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் பெட்டியை இறக்கி வைத்திருந்தாள். நான் சகலையின் வண்டியைப் பார்த்து எரிந்ததெல்லாம் போய், இல்லாத ஒருத்தியைப் பார்த்து என் மனைவி எரிந்துகொண்டிருந்தாள். அவளுக்காக மாட்டிய சஸ்பென்ஷனே அவளை வீட்டை விட்டு அனுப்பப் பார்க்கிறது.

மெக்கானிக்கிடம் ஓடினேன். அவர் வண்டியை நேராக நிறுத்தி, மேலே ஒரு துணிகூட இல்லாமல் எடுத்துவிட்டு, லேப்டாப்பை இணைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வெறும் வண்டியே ஒரு ஆள் வெயிட் காட்டுது சார். அம்பத்தஞ்சு கிலோ. சென்சார் பழசு, அதான்."

"இப்ப என்ன பண்றது?"

"ஒண்ணும் பிரச்சனை இல்ல. கடையில பாத்திரத்தைத் தராசுல வெச்சு பூஜ்யம் அழுத்திட்டுத்தானே எண்ணெய் ஊத்துவாங்க? அதே மாதிரி இதையே பூஜ்யம்னு பதிஞ்சுட்டேன். இனிமே இதுக்கு மேல ஏறுற வெயிட்டை மட்டும்தான் கணக்குல எடுக்கும்."

உட்கார்ந்தேன். ஒரு ஹெல்மெட். அவரும் பின்னால் ஏறினார். இரண்டு ஹெல்மெட். இறங்கினார். ஒன்று. அவரைக் கட்டிப்பிடிக்காத குறை.

அவர் செய்ததில் கணக்குப்படி தப்பே இல்லை. ஆனால் பூஜ்யம் பதிக்கும்போது தராசில் பாத்திரம்தான் இருக்கிறதா என்று நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

வீட்டில் அன்று ஒரு ஹெல்மெட்டைப் பார்த்ததும் மனைவியின் முகம் தெளிந்தது. பெட்டி மறுபடி பரணுக்குப் போனது. வந்த ஞாயிறு இரண்டு ஜோடியாக மலைக்குப் போவதாக முடிவானது. சகலை தன் வண்டியில் முன்னால், நாங்கள் பின்னால். மனைவி சிவப்பு ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஏறி, என் தோளில் இரண்டு தட்டுத் தட்டினாள். எங்களுக்குள் அதுதான் வழக்கம். ஹெல்மெட் போட்டபின் பேசினால் கேட்காது, இரண்டு தட்டு என்றால் "உக்காந்துட்டேன், போலாம்". இரண்டு ஹெல்மெட் தெரிந்தது. கிளம்பினோம்.

முதல் வளைவிலேயே என் காதருகே குனிந்து கத்தினாள்.

"இப்ப நம்ம வண்டியும் மெத்தைதாங்க."

கேட்டுவிட்டேன். இதைக் கேட்கத்தானே இத்தனை பாடு. கொஞ்ச தூரத்தில் மறுபடி குனிந்தாள்.

"ஆனா இடமே பத்தலைங்க."

"ஏன், நேத்து சாப்பிட்டது அதிகமா?"

"விளையாடாதீங்க. யாரோ நெருக்கிட்டு உக்காந்திருக்க மாதிரி இருக்கு. பின்னாடி தள்ளிட்டே இருக்கு. நான் விழுந்துருவேன் போல."

கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். வளைவுகளில் சகலை எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தார். என் கண் அவருடைய பின்விளக்கில்தான் இருந்தது.

பாதி மலையில் ஒரு பெட்ரோல் பங்க். அதற்கு மேல் கடை கண்ணி எதுவும் கிடையாது. சகலை பெட்ரோல் போட்டுவிட்டு, "மேல டீக்கடையில வெயிட் பண்றோம் அண்ணா, மெதுவா வாங்க" என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். மெதுவாகவாம். என் மனைவி கழிவறைக்குப் போனாள். மழை பிடித்தது.

நான் பெட்ரோல் போட்டுக்கொண்டு, வண்டியைச் சாலை ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை உறுமவிட்டபடி மேலே பார்த்தேன். அவருடைய சிவப்பு விளக்கு மூன்றாவது வளைவில் மறைந்தது. இப்போது விட்டால்கூடப் பிடித்துவிடலாம்.

தோளில் தட்டு. ஒன்று. இரண்டு.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கிளட்சை விட்டேன்.

யோசித்துப் பார்த்தால், பின்னால் ஆள் ஏறினால் வண்டி ஒருமுறை அமுங்கும். மோட்டார் முனகும். இரண்டும் இல்லை. மழைச் சத்தத்தில் கவனிக்கவில்லை என்று சொல்லலாம். உண்மை என்னவென்றால், என் கவனம் சகலை மேல் இருந்தது.

இரண்டு வளைவு தாண்டினேன். இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்த கைகள் இறுகின.

"பயமா இருக்கா?"

கைகள் இன்னும் கொஞ்சம் இறுகின. எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அது பிடித்திருந்தது. அவள் இப்படி இறுக்கிப் பிடித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

டிஸ்ப்ளேயில் மணி 5:42. அதற்குப் பக்கத்தில்…

ஒரு ஹெல்மெட்.

சென்சார் நனைந்திருக்கும் என்று நினைத்தேன்.

ஹெல்மெட்டுக்குள் மாட்டியிருந்த ப்ளூடூத்தில் ஃபோன் அடித்தது. ட்ரிங்… ட்ரிங்… திரையில் பெயர் வந்தது. என் மனைவி.

பின்னால் உட்கார்ந்துகொண்டு எதற்கு ஃபோன் செய்கிறாள்? பட்டனைத் தட்டினேன்.

"என்னங்க." குரல் நடுங்கியது. அவள் பக்கம் பெட்ரோல் பம்ப்பின் டிங் சத்தம் கேட்டது.

"ம்."

"எங்கங்க போறீங்க?"

ஆக்சிலேட்டரிலிருந்து கையைத் தளர்த்தினேன்.

"நான் இங்க பங்க்லயே நிக்கிறேன். கத்துறேன், நீங்க திரும்பவே இல்ல." மூச்சு வாங்கினாள். "பின்னாடி உங்களைக் கட்டிப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தாளே… யாருங்க அவ?"

குனிந்து பார்த்தேன்.

என் வயிற்றின் மேல் இரண்டு கைகள். சிவப்பு ரெயின்கோட் கைகள். விரல்கள் கோத்திருந்தன.

மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் கைகள் நனையவில்லை.

முன்னால் வளைவு. இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம். நான் இடதுபக்கம் சாய்த்தேன். பின்னால் இருந்த பாரம் வலதுபக்கம் சாய்ந்தது. வேண்டுமென்றே. பள்ளத்தைப் பார்த்து.

பிரேக் பிடித்தேன். சக்கரம் வழுக்கியது. சாலையின் வெள்ளைக்கோடு எனக்குக் கீழே வந்துவிட்டது.

"என்னங்க… என்னங்க, பேசுங்க…"

"இங்க… யாரோ…" அவ்வளவுதான் வந்தது.

என் மனைவியின் குரல் அப்போது மாறியது. அழுகை போய்விட்டது. தினமும் தட்டை மேஜையில் விழப் போட்டாளே, அந்தக் கோபத்தின் குரல். என் காதுக்குள், ஹெல்மெட் முழுக்க, வெளியே வரைக்கும் கேட்டது.

"எவளா இருந்தா எனக்கென்ன. அது என் சீட்டு. இறங்கச் சொல்லுங்க அவளை."

கைகள் நின்றன.

ஒவ்வொரு விரலாக… கோத்தது பிரிந்தது.

இடுப்பு லேசானது.

"ங்ங்ங்ங்…"

பின்பக்கம் மேலே எழும்பியது. வண்டி நிமிர்ந்து, தடுப்புக்கல்லில் உரசி நின்றது. எஞ்சின் அணைந்தது. மழை மட்டும்.

திரையைப் பார்த்தேன். ஒரு ஹெல்மெட்டும் இல்லை. வெறும் கோடு.

எண்பது கிலோ ஆள் நான் மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். பூஜ்யமாகப் பதிந்த ஐம்பத்தைந்தைக் கழித்தபின் மிச்ச இருபத்தைந்தை அது ஆளாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வண்டியில் யாருமே இல்லை என்றது.

வண்டியைத் தள்ளித் திருப்பி பங்க்குக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. மனைவி ஓடிவந்தாள். என்னைப் பார்ப்பதற்கு முன்னால் பின்சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். அந்த மழையிலும் சீட்டின் பின்பாதி உலர்ந்திருந்தது. அப்புறம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நாங்கள் டாக்ஸியில் வீடு திரும்பினோம். மறுநாள் மெக்கானிக்கே லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு போய், எல்லாவற்றையும் கழற்றிப் பழைய ஷாக் அப்சார்பரை மாட்டிக் கொடுத்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்திருப்பார். இப்போது என் மனைவி பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு குழிக்கும் "அம்மா" என்கிறாள். அந்தச் சத்தம் வந்தால்தான் எனக்கு நிம்மதி. சகலை தாராளமாக மெத்தையில் போகட்டும்.

இதோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. உடைத்து விற்கும் கடைக்காரரைத் தேடிப் போனேன், மனைவியும் கூட வந்தாள். அடிபட்ட வண்டி எப்படி அடிபட்டது என்று முதலிலேயே கேட்க வேண்டிய கேள்வியை அப்போது கேட்டேன்.

"மலையில பள்ளத்துல விழுந்துட்டாரு. ஸ்பாட்லயே போயிட்டாரு" என்றார்.

"தனியாவா?"

"போலீஸ் அப்படித்தான் எழுதினாங்க. ஆனா அவரு சம்சாரம் ஒத்துக்கல. நாலு நாள் பள்ளத்துல தேட வெச்சாங்க. யாரும் கிடைக்கல. அந்தம்மா இன்னும் அப்பப்ப எனக்கு ஃபோன் பண்ணி, வண்டியில ஏதாச்சும் பொம்பளைச் சாமான் கிடைச்சுதான்னு கேப்பாங்க. பாவமா இருக்கும்."

மனைவி அந்த நம்பரை வாங்கினாள். நான் வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை. "அவங்க புருஷன் தப்பு பண்ணலைன்னு யாராவது சொல்லணும் இல்லையா" என்றாள்.

வீட்டுக்கு வந்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"பெட்ரோல் பங்க்லயா?" என்றது அந்தப்பக்கக் குரல்.

"ஆமாங்க."

"என்னையும் அங்கதான் விட்டுட்டுப் போனாரு. நான் கழிவறையிலேர்ந்து வந்து பாக்கிறேன், ஒருத்தியை ஏத்திட்டுப் போறாரு. ஃபோன் போட்டேன். எடுத்தாரு. நான் ஒண்ணும் பேசல. கோவத்துல கட் பண்ணிட்டேன்."

என் மனைவி என் கையைப் பிடித்தாள்.

"நீங்க பாத்தவ சிவப்பு ரெயின்கோட்தானே போட்டிருந்தா? என்னுது மாதிரியே?"

"இல்லம்மா" என்றார்கள். "நீலம்."

அப்புறம் அவர்களே சொன்னார்கள்.

"என்னுது மாதிரியே."